கோயில் உபயமும் கோடி டொலரும்: தனியார் அறக்கட்டளைகள் அரசியலைத் தொடுவது எப்படி?

எங்கள் மலையகத் தோட்டப் பக்கத்தில் 'ஃபவுண்டேசன்', அதாவது அறக்கட்டளை, என்ற சொல் அடிபட்டால் கதை இரண்டில் ஒன்றாகத்தான் போகும். "நல்ல மனுசங்க, பிள்ளைகளுக்குக் கொப்பியும் பேக்கும் குடுத்துட்டுப் போனாங்க" என்பது ஒன்று. "அதெல்லாம் வெளிநாட்டுக் காசு, கவர்மெண்டையே கவுக்கிற கூட்டம்" என்பது மற்றது. 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் ஆட்சிக்கு எதிராகச் சனம் திரண்ட நாட்களில் ஹட்டன் தேத்தண்ணிக் கடைகளில் இரண்டாவது கதைதான் கொடிகட்டிப் பறந்தது. உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். கதை வகுப்பறைக்குள்ளும் வந்து சேர்ந்தது. "சேர், கொப்பி குடுக்கிறவங்களும் ஆட்சியக் கவுக்கிறவங்களும் ஒரே ஆளுங்கதானா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். நல்ல வேளை, மணி அடித்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

## திருவிழா உபயத்தில் தொடங்குவோம்

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். செலவுக்குச் சம்பளத்தில் சந்தா பிடிப்பார்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், பெயர் உள்ள எல்லாரும் கட்டுவதால் கொமிட்டிக் கூட்டத்தில் எல்லாருக்கும் வாய் உண்டு. மேளத்தைக் குறைத்து மண்டபத்துக் கூரையைத் திருத்துவதா, கூரை கிடக்கட்டும் என்று மேளத்தைக் கூட்டுவதா என்று இரவு பத்து மணி வரைக்கும் சண்டை நடக்கும். என்ன சண்டை நடந்தாலும் கடைசி முடிவு தோட்டத்து ஆட்களுடையது.

இதே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து, கொழும்புக்குப் போய்க் கடை போட்டு, நன்றாக வந்த ஒருவர் பத்து லட்சம் ரூபா தருகிறார் என்று வைப்போம். "கோபுரம் கட்டுங்க" என்கிறார். மூன்று வருசமாகக் கூட்டத்தில் பேசியது ஒழுகுகிற கூரையைப் பற்றி. ஆனால் கொடுக்கிறவரிடம் போய், "கோபுரம் வேண்டாம்ணே, தகரம் வாங்கிக் குடுங்க" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கோபுரம் எழும்புகிறது. அப்புறம் அதற்கு லைட் பில், வர்ணம், கும்பாபிஷேகம். அதெல்லாம் சந்தாவிலிருந்துதான். சந்தா ஏறுகிறது. கூரை ஒழுகுகிறது.

அந்த மனுசர் யாருக்கும் லஞ்சம் தரவில்லை. கொமிட்டியில் பதவி கேட்கவில்லை. அம்மன் மேல் பக்தியும் பிறந்த மண் மேல் பாசமும் அவருக்கு உண்மையிலேயே உண்டு. ஆனாலும் தோட்டத்து ஆட்களின் சந்தா இனி எந்தப் பக்கம் போகும் என்பதை முடிவு செய்தவர் அவர்தான். கொமிட்டித் தலைவரைப் பிடிக்காவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் மாற்றிவிடலாம். உபயகாரரை யார் மாற்றுவது?

கோபுரத்தின் இடத்தில் ஒரு நாட்டின் சுகாதாரத் திட்டத்தையும், பத்து லட்சம் ரூபாவின் இடத்தில் பத்துக் கோடி டொலரையும் வைத்துப் பாருங்கள். விசயத்தின் பாதி விளங்கிவிடும்.

## பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது

முதலில் சொல்லுக்குப் பொருள். ஒரு செல்வந்தரோ குடும்பமோ கம்பனியோ பெரிய தொகை ஒன்றை ஒதுக்கி, அதை முதலீடு செய்து, வருகிற வருமானத்தைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுப்பதற்காக அமைப்பதுதான் தனியார் அறக்கட்டளை. ஒதுக்கிய தொகை மூலநிதி. அதிலிருந்து மற்றவர்களுக்குக் கொடுப்பது மானியம். மானியத்தை வாங்கிக்கொண்டு களத்தில் வேலை செய்வது அரச சார்பற்ற நிறுவனம், நாம் என்.ஜி.ஓ. என்கிறோமே, அது. ஜீப்பில் நம்ம தோட்டத்துக்கு ஏறி வந்து, பதாகை கட்டி, செயலமர்வு வைத்து, ரோல்ஸும் நெஸ்கஃபேயும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. காசு கொடுத்தவர் மலை ஏறுவது அபூர்வம்.

பெயரில் 'ஃபவுண்டேசன்' என்று இருப்பதெல்லாம் தனியார் அறக்கட்டளையும் அல்ல. இலங்கையில் 1954 முதல் இயங்கும் ஆசியா ஃபவுண்டேசனுக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. இரகசியமாகக் காசு கொடுத்தது 1967இல் வெளியே வந்தது. இன்றைக்கு அதன் வருமானத்தில் பெரும்பகுதி அரசாங்கங்களிடமிருந்து வருகிறது. ஃபிரெட்ரிக் ஏபர்ட், கொன்ராட் அடினோவர் அறக்கட்டளைகள் ஜெர்மன் கட்சிகளைச் சார்ந்தவை. அவை செலவழிப்பது பெரும்பாலும் ஜெர்மன் மக்களின் வரிப்பணம். வாஷிங்டனில் 1973இல் தொடங்கிய ஹெரிட்டேஜ் ஃபவுண்டேசன் ஒரு சிந்தனைக் குழாம். அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று ஆய்வும் ஆலோசனையும் எழுதிக் கொடுக்கிற நிறுவனத்துக்குத்தான் அந்தப் பெயர். தேத்தண்ணிக் கடை வாதத்தில் இவை எல்லாம் ஒரே சாக்குக்குள் போய்விடுகின்றன.

நாம் பேசப்போவது 1913இல் தொடங்கிய ரொக்ஃபெல்லர், 1936இல் தொடங்கிய ஃபோர்ட், 2000இல் தொடங்கிய கேட்ஸ் போன்ற அறக்கட்டளைகளைப் பற்றி.

இங்கே ஒரு கணக்கு. வருமானத்துக்கு 40 வீதம் வரி உள்ள நாட்டில் ஒருவர் 100 டொலரைத் தன் அறக்கட்டளைக்குக் கொடுத்து முழு வரிவிலக்கும் பெறுகிறார் என்று வையுங்கள். கொடுக்காமல் வைத்திருந்தால் அதில் 40 டொலர் அரசாங்கத்துக்குப் போயிருக்கும். அந்த 40இல் பாலம் கட்டுவதா, பள்ளிக்கூடம் கட்டுவதா என்று மக்களின் பிரதிநிதிகள் முடிவு செய்திருப்பார்கள். இப்போது அதையும் சேர்த்து அவரே முடிவு செய்கிறார். "அவர் காசு, அவர் இஷ்டம்" என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான். அதோடு, கொடுத்த 100ம் உடனே வெளியே வந்துவிடுவதும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி இப்படிப்பட்ட அறக்கட்டளை ஆண்டுக்குத் தன் சொத்தில் ஏறக்குறைய 5 வீதத்தைக் கொடுத்தால் போதும். மிச்சம் பங்குச் சந்தையில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அறக்கட்டளை கொடுக்கிறது, என்.ஜி.ஓ. செய்கிறது. கொடுக்கிற காசில் ஒரு பங்கு வரியாகப் பொதுமக்களிடம் வந்திருக்க வேண்டியது.

## நம்ம மலையில் நடந்த புழுக் கதை

வெளிநாட்டு உதாரணத்துக்கு முன்னால் நம்ம தோட்டங்களிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நூறு வருசத்துக்கு மேல் ஆகிறது.

எண்ணெய்க் கம்பனியால் உலகப் பணக்காரரான ஜோன் டி. ரொக்ஃபெல்லர் தன் அறக்கட்டளைக்கு முதலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்தைத்தான் கேட்டார். கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய தனியார் பணம் பொதுக் காரியத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் அப்போதே இருந்தது. கடைசியில் நியூயோர்க் மாநிலம் 1913இல் அனுமதி கொடுத்தது. அடுத்த வருசமே கொலராடோவில் ரொக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் செத்தார்கள். அறக்கட்டளை உடனே தொழிலாளர் உறவு பற்றி ஆராய ஒருவரை அமர்த்தியது. அவர் பின்னால் கனடாவின் பிரதமராக வந்த மெக்கென்சி கிங். இது ஆய்வா, முதலாளிக்கு முட்டுக்கொடுப்பதா என்று விசாரணை ஆணைக்குழு முன் கேள்வி எழுந்தது. இன்றைக்கு நாம் கேட்கிற சந்தேகம் புதிதல்ல.

இந்த அறக்கட்டளைதான் 1916இல் இலங்கைத் தோட்டங்களுக்குள் கொக்கிப் புழு ஒழிப்போடு வந்தது. அந்தப் புழுவின் குஞ்சு ஈர மண்ணில் இருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் உள்ளங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், இரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். முட்டை மலத்தோடு மண்ணுக்கு வரும். மலசலகூடம் இல்லாத லயம், செருப்பில்லாத கால், வருசம் முழுக்க மழை. புழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோர் உடம்பில் அது இருந்தது. சோகை பிடித்து, முகம் வெளுத்து, மூச்சு வாங்கி மலை ஏறியவர்களைத் துரைமார் சோம்பேறிகள் என்றார்கள்.

வைத்தியர்கள் கீனோபோடியம் என்ற செடியின் எண்ணெயைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். பலன் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் கொஞ்ச நாளில் திரும்பவும் அதே புழு. மருந்து குடித்தவர் அதே வெறுங்காலோடு அதே மண்ணில்தானே நடக்கிறார். மலசலகூடம் கட்டத் தோட்டத்துரைமார் காசை அவிழ்க்கத் தயங்கினார்கள், செலவு அவர்களுடையது என்பதால்.

கேள்வியை யார் தேர்ந்தெடுத்தார் என்று இங்கே பாருங்கள். "தொழிலாளி ஏன் பலவீனமாக இருக்கிறார்?" என்ற கேள்விக்குப் புழுவும் பதில்தான். சம்பளம், சாப்பாடு, லயம், செருப்பு எல்லாமும் பதில்தான். அறக்கட்டளை புழுவை எடுத்துக்கொண்டது. எண்ணி முடிக்கலாம், மருந்து உண்டு, எந்த முதலாளியோடும் முட்டிக்கொள்ளத் தேவையில்லை. சம்பளத்தை எடுத்திருந்தால் தோட்ட வாசலைத் தாண்டியிருக்கவே விட்டிருக்க மாட்டார்கள். இதில் சதி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அரசியல் இருக்கிறது.

கதை அதோடு நிற்கவில்லை. புழுவை மட்டும் துரத்துவதில் பிரயோசனமில்லை என்று பட்டபோது அறக்கட்டளை உத்தியை மாற்றியது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என்று ஒரு சுகாதாரப் பிரிவை 1926இல் களுத்துறையில் அரசாங்கத்தோடு சேர்ந்து தொடங்கியது. அது நன்றாக ஓடியதும் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்று நாடு முழுக்கப் பரப்பியது. இன்றைக்கு நாம் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகிற எம்.ஓ.எச். ஒஃபிஸின், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின், வேர் அங்கேதான் இருக்கிறது. கசப்பான பகுதி, தோட்டத்து வைத்தியம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே, ஒரு டிஸ்பென்சரியோடு கிடந்தது. பரிசோதனைக்குக் காலைக் கொடுத்த நம்ம ஆட்களுக்கு அந்த அமைப்பு முழுசாக வந்துசேரப் பல தலைமுறை ஆயிற்று.

## காசு கொள்கையாக மாறும் வழிகள்

களுத்துறையில் நடந்ததற்கு முன்னோடித் திட்டம் என்று பெயர். சிறிய இடத்தில் செய்து காட்டி, "பாருங்கள், முடிகிறது" என்று நிரூபித்து, அரசாங்கத்தின் தலையில் வைப்பது. அறக்கட்டளைகளின் பெரிய பலம் இதுதான் என்பது என் எண்ணம். அவர்களிடம் உள்ள காசு ஓர் அரசாங்கத்தின் வரவுசெலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஆனால் அந்தச் சின்னத் தொகை பெரிய தொகை போகும் வாய்க்காலைத் திருப்பிவிடும். உருக்குக் கம்பனியால் பணக்காரரான அமெரிக்கர் அன்ட்ரூ கார்னகி உலகம் முழுவதும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் கட்டக் காசு கொடுத்தார். நிபந்தனை என்ன தெரியுமா? கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருசமும் அந்த ஊர் தன் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்குச் செலவழிக்க வேண்டும். கோபுரத்துக்கு லைட் பில் கட்டுகிற அதே கதை. நூலகம் நல்லதுதானே என்றால், நல்லதுதான். நல்ல கோபுரமும் உண்டு.

இரண்டாவது வழி ஆட்களை வளர்ப்பது. இதற்குப் பொறுமை வேண்டும். அமெரிக்காவில் ஜோன் எம். ஓலின் அறக்கட்டளை, பொருளாதாரக் கண்ணால் சட்டத்தைப் பார்க்கும் ஒரு பாடத்தைப் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் சட்டபீடங்களில் காசு கொடுத்து வேரூன்ற வைத்தது. 1982இல் தொடங்கிய பழமைவாதச் சட்டத்தரணிகளின் ஃபெடரலிஸ்ட் சங்கத்துக்கும் ஆரம்ப நாட்களில் உதவியது. 2005இல் கையிலிருந்த மூலநிதியைச் செலவழித்து முடித்துக் கதவை மூடிக்கொண்டது. இன்றைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அந்தச் சங்கத்தோடு தொடர்புள்ள நீதிபதிகள் பலர். தேர்தலில் ஒரு வேட்பாளருக்குக்கூடக் காசு கொடுக்காமல் இவ்வளவும்.

ஆனால் வளர்த்த கடா மார்பில் பாய்வதும் உண்டு. இடதுபக்கம் சாய்ந்தவர் என்று சொல்லப்படுகிற அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜோர்ஜ் சொரொஸ் 1980களில் தன் அறக்கட்டளை மூலம் கம்யூனிச ஹங்கேரிக்குப் போட்டோகொப்பி மெசின்கள் வாங்கிக் கொடுத்தார். தணிக்கை உள்ள நாட்டில் அது ஓர் ஆயுதம் மாதிரி. இளைஞர்களுக்குப் புலமைப்பரிசிலும் கொடுத்தார். 1989இல் அந்தக் காசில் ஒக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர்களில் ஒருவர் விக்டர் ஓர்பான். பின்னாளில் பிரதமரான அதே ஓர்பான்தான் 2018இல் சொரொஸுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தார். அறக்கட்டளை புடாபெஸ்டை விட்டு பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. காசு கொடுத்தவர் பொம்மையை ஆட்டுகிறார், வாங்கியவர் ஆடுகிறார் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

மூன்றாவது, பொது நிறுவனங்களுக்கே படியளப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் செலவில் உறுப்பு நாடுகள் கட்டாயம் கட்டுகிற சந்தா பல ஆண்டுகளாக ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. மிச்சம் விரும்பிக் கொடுப்பது. அதில் பெரும்பகுதி "இந்த வேலைக்கு மட்டும்" என்று குறித்துக் கொடுப்பது. இந்தக் கொடையாளிகளில் முன்வரிசையில் நிற்பது கேட்ஸ் அறக்கட்டளை. அதன் காசில் பெரும்பங்கு போலியோ ஒழிப்புக்குப் போயிருக்கிறது. போலியோ ஒழிய வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் ஓர் உலக நிறுவனத்தின் வேலை வரிசையில் எது முதலில் என்பதில், ஒரு நாடாகக்கூட இல்லாத ஒருவருக்குப் பெரிய நாடுகளின் அளவுக்குச் செல்வாக்கு வந்துவிடுகிறது. நாடுகள் இதை உணர்ந்து, கட்டாயச் சந்தாவின் பங்கைப் படிப்படியாக அடிப்படைச் செலவில் பாதிவரை உயர்த்த 2022இல் உடன்பட்டன.

நாலாவதை வழி என்று சொல்லலாமா தெரியவில்லை. அது மௌனம். மானியம் வாங்குகிற பேராசிரியரும் என்.ஜி.ஓ.வும் கொடுத்தவரின் திட்டம் பிழை என்று எழுதமாட்டார்கள். யாரும் தடுத்திருக்க வேண்டியதில்லை. உபயகாரர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கோபுரம் கோணல் என்று யாராவது சொல்வார்களா?

சுருக்கமாக, தேர்தலுக்கு முந்திய இரவு பெட்டியில் வருகிற காசு பற்றிய கதை இதில்லை. கேள்வியைத் தேர்வது, செய்து காட்டுவது, ஆளை வளர்ப்பது, பொது நிறுவனத்துக்குப் படியளப்பது என்று பத்து இருபது வருசம் மெதுவாக நடக்கிற வேலை.

## சட்டம் எங்கே கோடு போடுகிறது

1967இல் ஃபோர்ட் அறக்கட்டளையின் மானியத்தில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதியும் வேலை நடந்தது. அந்த வருசமே கார்ல் ஸ்டோக்ஸ் அங்கே மேயரானார். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் முதல் கறுப்பின மேயர் அவர். எதிர்த்தரப்பு கொதித்தது. 1969இன் வரிச் சட்டம் வந்ததில் இந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு. வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது, சட்டமியற்றுகிறவர்களிடம் ஆதரவு திரட்டக் கூடாது என்று தனியார் அறக்கட்டளைகளுக்குக் கோடு போட்டார்கள். ஆய்வுக்கும் பொதுக் கல்விக்கும் தடையில்லை. மேலே பார்த்த வழிகளில் முக்கால்வாசி அந்த அனுமதிக்குள்ளேயே அடங்கிவிடும்.

இலங்கையில் தொண்டு நிறுவனங்களைப் பதிவுசெய்து கண்காணிக்க 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு போடும் சட்டம் 2023இல்தான் வந்தது. இரண்டும் வேறு வேறு. தேர்தல் காசைப் பிடிக்கிற வலையில் கொள்கைக்குப் போகிற காசு சிக்காது.

## அப்படியானால் கெட்டதா?

மாணவி அடுத்து இதைத்தான் கேட்பாள். என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோய், வாக்கும் போய், தேர்தலில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சமூகமாக இருந்தவர்கள் நாம். அரசாங்கத்தின் கதவு மூடியிருக்கிறபோது வெளியிலிருந்து வருகிற காசு ஒரு சன்னல். வாக்கில்லாதவர்களுக்காக எந்தக் கட்சி ஆய்வு செய்யும்? பெரும்பான்மை விரும்பாத ஒன்றைத் தொட அறக்கட்டளையால் முடியும், அதற்குத் தேர்தல் பயம் இல்லை. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் அதை யாரும் கணக்குக் கேட்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழி இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

## மேட்டு லயத்துத் தண்ணீர்த் தொட்டி

எங்கள் டிவிசனில் மேட்டு லயத்துக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை, அதில் மூன்று சின்னங்கள். கொடுத்தவருடையது, கொண்டுவந்தவருடையது, கட்டியவருடையது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பாட வைத்தார்கள், நானும் நின்றேன். இரண்டு வருசம் தண்ணீர் வந்தது. அப்புறம் பெரிய வால்வு உடைந்தது. கொண்டுவந்தவர்களுக்கு எடுத்தால், "புரொஜெக்ட் முடிஞ்சிருச்சு" என்றார்கள். தோட்ட ஒஃபிஸில் "அது நம்மளது இல்லை" என்றார்கள்.

அப்படியானால் பிரதேச சபை? 2018 வரைக்கும் பிரதேச சபைச் சட்டமே தோட்டத்துக்குள் சபை காசு செலவழிப்பதற்குக் குறுக்கே நின்றது. வாக்கு மட்டும் கேட்கலாம், வடிகான் வெட்ட முடியாது. அந்த வருசத்துத் திருத்தத்தோடு அந்தத் தடை நீங்கியது. தொட்டிக்கு ரிப்பன் வெட்டினோம். சட்டம் மாறிய நாளில் எங்கள் டிவிசனில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை, அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு உட்பட.

இப்போது வால்வில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். சபைக்கு ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கேள்வி கேட்ட மாணவியின் அம்மாதான் வீடு வீடாகக் கொண்டுபோகிறார். மனுவில் தொட்டி கட்டிக் கொடுத்தவர்களின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இரவு பத்து மணி வரை சண்டை. இன்னும் முடியவில்லை.